மாதம் பன்னிரண்டு டாலர்

செவ்வாய்க்கிழமைகளில் உறைகளைப் பிரிப்பவள் வெர்னெல் மிட்ஜெட்.
வட கரோலினாவின் தாழ்ந்த கரை,
நண்டுக்கூண்டு விற்கும் கடையின் பின்னறை,
ஒரு கத்தரிக்கோல், ஒரு கணக்குப் புத்தகம்,
சுவரில் தீபகற்பத்தின் வரைபடம்.
அதன் கிழக்கு ஓரத்தை ஆண்டுக்கு ஒருமுறை
நீலப் பென்சிலால் அவளேதான்
கடலுக்கு எழுதிக் கொடுக்கிறாள்.

இன்று ஒன்பது உறைகள்.
ஒஹாயோவில் ஒரு மூன்றாம் வகுப்பு:
முப்பத்தொரு டாலர், நாற்பது சென்ட்,
கூடவே பச்சை ஓநாய் ஒன்று, ஐந்து கால்களோடு.
ஐந்தாவது வாலாக இருக்கலாம்.
செத்துப்போன நாயின் பெயரில் ஒருவர் இருபத்தைந்து.
ஓர் உயிலிலிருந்து நாலாயிரம்.
வக்கீலின் கடிதத்தில் ஈரம் ஒரு சொட்டும் இல்லை,
இருந்தாலும் நாலாயிரம்.
காசில்லாத, கையெழுத்தும் இல்லாத ஒன்று:
"என் மான்களைத் தின்னும் பேய்களுக்கு நீ ஆயா."
அதையும் தேதி போட்டுக் கோப்பில் வைக்கிறாள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை
நம்மிடம் உண்டு.
இங்கே நனைவது ஓநாய்.
காட்டை வடித்து வயலாக்க
யாரோ எப்போதோ வெட்டிய கால்வாய்;
நன்னீர் போன வழியே உப்பு திரும்பி வருகிறது.
சைப்ரஸ் மரங்கள் நின்ற இடத்திலேயே செத்து
வெளுத்த எலும்பாய் நிற்கின்றன, மைல் கணக்கில்.
அவற்றின் நடுவே ஆரஞ்சுக் கழுத்துப்பட்டை ஒன்று அசைந்தால்
அது சிவப்பு ஓநாய்.
இருபது, இன்னும் கொஞ்சம்.
காட்டில் திரிபவை அவ்வளவுதான்,
உலகம் முழுக்கத் தேடினாலும்.

கணக்கைக் கவிதையில் எழுதாதே என்பார்கள்.
எழுதுகிறேன்.
பட்டைக்குள் வைக்கும் மின்கலம்.
கடல் ஏறும்போது தானே சாத்திக்கொள்ளும் மடைக்கதவு, ஒன்று.
கரை கரையாமலிருக்கச் சிப்பி ஓடு, அறுபது மூட்டை.
ஆய்வாளர் இமானி ஸ்பெல்மனின் டீசல், உண்ணி மருந்து,
இரண்டாம் முறை கிழிந்த ரப்பர் பூட்ஸ்.
ஏப்ரலில், மிருகக்காட்சிசாலையில் பிறந்து
கண் திறக்காத இரண்டு குட்டிகளுக்கு விமானச் செலவு.
தாய் இல்லாத நேரம் பார்த்து
வளைக்குள்ளிருந்த சருகை அவற்றின் மேல் தேய்த்து
மற்ற மூன்றோடு கலந்துவிட்டு
இமானி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.
எண்ணத் தெரியாத தாய்க்குக் குட்டிகள் ஐந்து.
எண்ணத் தெரிந்திருந்தாலும்
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாவது உறை எல்வுட் கஹூனுடையது.
பன்னிரண்டு டாலர். கடிதம் கிடையாது.
மூன்று வருடமாய் ஒரு மாதமும் தவறியதில்லை.
மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர்.
ஒரு நவம்பர் விடியல், மூடுபனி,
அறுபத்துநாலாம் சாலை.
எங்களுக்குத் தகவல் சொன்னது அவரேதான்.
வெர்னெல் போய்ச் சேர்ந்தபோது
அதன் மேல் தன் கோட்டைப் போர்த்தியிருந்தார்,
குளிருகிறது என்பதுபோல.
"நாய் என்றுதான் முதலில் நினைத்தேன்" என்றார்.
பிறகு, "நாயென்றாலும்தான்" என்றார்.

ஏன் பன்னிரண்டு?
அவள் கேட்டதில்லை.
மனைவி கண்ணில் படாமல்
எடுத்துவைக்க முடிந்த தொகையாக இருக்கலாம்.

எல்லோருக்கும் போகும் அச்சடித்த அட்டை:
உங்கள் நன்கொடைக்கு நன்றி.
அதில் கடலும் கொக்கும் இருக்கின்றன.
எல்வுட்டின் அட்டையில் மட்டும்
இன்று பேனாவை நிறுத்தி, மறுபடி வைத்து,
கீழே எழுதினாள்:

"போன வருடக் குட்டிகளில் ஒன்று, பெண்,
நேற்றிரவு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு
உங்கள் சாலைக்கு வந்தது.
கடந்துவிட்டது."

அஞ்சல்தலை அவள் கைக்காசு.
அதைக் கணக்கில் எழுதவில்லை.